முள்ளுக்குச் சூடு, பாம்புக்குக் கட்டு: புதுச்சேரிக் கடலில் முக்குளிப்பவர் அறிய வேண்டியவை

கடலில் எனக்குப் பட்ட முதல் காயம் மீனால் வரவில்லை, கயிற்றால் வந்தது. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து படகில் போய், பல மாதமாகத் தண்ணீரிலேயே கிடந்த மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம். கயிறு முழுக்கப் பழுப்பாகப் பாசி மண்டியிருந்தது. பத்து மீட்டர் தாண்டியிருப்பேன், உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் தணலை வைத்து அழுத்தியதுபோல எரிந்தது. பாசி என்று நான் நினைத்தது ஹைட்ராய்டு. சொறிமீனுக்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, சொந்தக்கார உயிர் அது. இழைக்கு இழை கொட்டும் செல்கள் அதற்கு உண்டு. அந்த நொடியில் என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கயிற்றை விட்டுவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய வேண்டும். கீழே வந்துகொண்டிருந்த வீராம்பட்டினத்து அண்ணன் என் கால் துடுப்பைப் பிடித்து நிறுத்தினார். முகத்துக்கு நேராக வந்து, தன் நெஞ்சில் கை வைத்து, மெல்ல மூச்சை விட்டுக் காட்டினார். நான் விட்டேன். குமிழிகள் மேலே போயின. எரிச்சல் மூன்று நாள் இருந்தது, அவ்வளவுதான்.

அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்துதான் இதை விளக்க வேண்டும். கடலுயிர்க் காயம் பற்றிப் பேசும்போது எல்லோரும் பல்லையும் முள்ளையும் நஞ்சையும் பேசுகிறார்கள். முக்குளிப்பவரைப் பொறுத்தவரை, கொட்டியதற்கும் கரைக்கும் நடுவே இன்னொரு ஆபத்து இருக்கிறது.

தண்ணீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. புதுச்சேரிக்கு எதிரே, மீன் சேர்வதற்காக மனிதர்கள் இறக்கிவைத்த 'டெம்பிள் ரீஃப்' என்ற செயற்கைப் பார் ஏறக்குறைய 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே அழுத்தம் தரையில் உள்ளதைப் போல 2.8 மடங்கு. அந்த ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த ஒரு முழு மூச்சு, வெளியே விடாமல் மேலே கொண்டுவந்தால், 2.8 மடங்காக விரியப் பார்க்கும். நெஞ்சுக்கூட்டில் அதற்கு இடம் கிடையாது. நுரையீரல் கிழியும், காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும், மேலே வந்த சில நிமிடங்களிலேயே ஆள் நினைவிழந்து சாயலாம். இதற்கு 18 மீட்டர்கூட வேண்டியதில்லை. நுரையீரல் நிறைய காற்றோடு ஓரிரு மீட்டர் ஏறினாலே கிழிய வாய்ப்புண்டு. சிங்கமீன் முள் குத்தி இறந்தவர்கள் மிக அரிது. குத்திய வலியில் மூச்சை அடக்கி மேலே பாய்ந்தவருக்கு ஆபத்து உண்மையானது.

ஆகவே முதலுதவி தண்ணீருக்குள்ளேயே தொடங்குகிறது, அதற்கு மருந்தும் தேவையில்லை. நிற்க வேண்டும். மூச்சு விட வேண்டும். கூட்டாளிக்குக் கைகாட்ட வேண்டும். ரத்தம் வந்தால் மறு கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் இரண்டு பேருமாக ஏற வேண்டும். வழக்கமாக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது, காயம் கடுமையாக இருந்தால் விட்டுவிடக்கூடியதுதான். மெதுவாக ஏறுவதை விட முடியாது.

ஒரு விஷயம் பலருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. தண்ணீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பு நிறத்தை. 15 மீட்டருக்குக் கீழே ரத்தம் பச்சையாக, கரும்பச்சையாகத் தெரியும். தன் விரலிலிருந்து பச்சைப் புகை கிளம்புவதைப் பார்த்து, நஞ்சு ஏறிவிட்டது என்று கலங்குகிறவர்கள் உண்டு. அது வெறும் ரத்தம்தான். இதை இறங்குவதற்கு முன்பே, படகில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

இனி யாரெல்லாம் காயப்படுத்தக்கூடும் என்று பார்ப்போம். நம் கரையின் அடிப்பரப்பு பெரும்பாலும் மணலும் சேறும். நடுநடுவே பாறைத் திட்டுகள், மனிதர்கள் போட்ட செயற்கைப் பார்கள். மணலில் புதைந்து திருக்கை. பாறை இடுக்கில் சிங்கமீன். பாறையோடு பாறையாகத் தேள்மீன். கொத்துக் கொத்தாக, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட இருங்கெளுத்திக் குஞ்சுகள், பந்துபோல உருண்டு மணலைக் கிளறிக்கொண்டு போகும். பார்க்க அத்தனை அழகு, கை நீட்டத் தோன்றும். ஒவ்வொன்றின் முதுகிலும் பக்கத் துடுப்பிலும் நஞ்சு முள் இருக்கிறது. ஓரா மீனுக்கும் அப்படித்தான். கடல் முள்ளெலியின் முள் உடம்புக்குள் போய் உடைந்து நின்றுவிடும். இவற்றில் ஒன்றுகூட மனிதரைத் தேடிவந்து குத்துவதில்லை. மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்தத் தெரியாமல் முழங்காலை ஊன்றியவர், படம் எடுக்க ஒரு கையைப் பாறையில் வைத்தவர், இவர்கள்தான் குத்துப்படுகிறார்கள். சுறாவைப் பற்றிய பயத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மீன் முள்ளுக்கு மருந்து சூடு. இதை நான் முதலில் கற்றது எந்த டைவிங் வகுப்பிலும் அல்ல. என் ஆயா தேவனாம்பட்டினம் கரையில் மீன் விற்றவர். கூடையைக் கிளறும்போது கெளுத்தி முள் ஏறிவிட்டால், வீட்டுக்கு வந்து சட்டியில் கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் ஒத்தடம் கொடுப்பார். "சுள்ளுனு இருக்குறது அடங்கும்டா" என்பார். அடங்கும். காரணம் இதுதான்: திருக்கை, கெளுத்தி, ஓரா, தேள்மீன், சிங்கமீன் ஆகியவற்றின் நஞ்சு புரதத்தால் ஆனது, அந்தப் புரதங்களில் பல சூட்டில் சிதைந்துபோகின்றன. வலி உணரும் நரம்பையும் சூடு கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. இன்றைய மருத்துவ நெறிமுறையும் இதையே சொல்கிறது. குத்துப்பட்ட கையை அல்லது காலை, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். வலி திரும்பினால் மறுபடி வைக்கலாம்.

ஆயாவின் முறையில் ஒரு திருத்தம் மட்டும் தேவை. வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. வெந்நீரின் பதத்தைக் குத்துப்படாத காலை, அல்லது உதவுகிறவரின் கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் முள் காயத்தோடு தீக்காயமும் சேரும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. வறுத்த உப்பின் சூட்டை அளக்க முடியாது என்பதால் வெந்நீரே மேல். படகில் டீக்கு ஒரு ஃபிளாஸ்க் எப்படியும் ஏறுகிறது. வெறும் வெந்நீருக்கு இன்னொன்று ஏறினால் போதும்.

அதே கரையில் வேறு வைத்தியங்களும் நடக்கின்றன. பிளேடால் கீறி ரத்தத்தை விடுவது, சுண்ணாம்பு தடவுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, காலை இறுக்கிக் கயிறு கட்டுவது. இவை எதுவும் உதவாது. கீறுவதும் கட்டுவதும் கெடுதல். மீன் முள் நஞ்சு குத்திய இடத்துச் சதையைத்தான் முதலில் பாதிக்கும். இறுக்கிக் கட்டினால் அது அங்கேயே தேங்கி இன்னும் பாழாக்கும்.

திருக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் முள் ரம்பம்போலப் பின்னோக்கிய பற்கள் கொண்டது. மேலே ஒரு மெல்லிய உறை. குத்தியதும் உறை கிழிந்து காயத்துக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு, முள்ளின் துண்டும் தங்கலாம். காலில் குத்தியிருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவி, மேலாகத் தெரிகிற துணுக்குகளை எடுத்து, வெந்நீரில் வைத்து, பிறகு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. முள் முழுதாக நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ செருகி நின்றால் அதைத் தொடவே கூடாது. அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, அப்படியே அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும். முள்ளே அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பர் 4 அன்று இறந்தது திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்துதான். அப்படி நேர்வது மிக மிக அபூர்வம். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தாலே திருக்கை விலகிப் போய்விடும்.

சொறிமீனுக்கு வருவோம். நம் கரையில் சில மாதங்களில் இது கூட்டம் கூட்டமாக வரும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்க் குழாய் வழியையே இவை அடைத்துக்கொண்ட வரலாறு உண்டு. மீன் முள் ஒரு ஊசி என்றால், சொறிமீனின் இழை ஆயிரக்கணக்கான வெடிக்காத ஊசிகளின் சரம். தோலில் ஒட்டியிருக்கும் இழையில் பெரும்பாலான செல்கள் இன்னும் வெடித்திருக்காது. நாம் செய்யும் தவறான வைத்தியம் அவற்றை வெடிக்க வைக்கிறது. மணலைப் போட்டுத் தேய்ப்பது, துண்டால் துடைப்பது, குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவுவது, சாராயம் ஊற்றுவது, சிறுநீர் விடுவது எல்லாம் அந்த வகை. நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உப்புச் செறிவு திடீரென்று மாறுவதே அந்தச் செல்களைத் தூண்டிவிடும். கடல் தண்ணீரால்தான் அலச வேண்டும்.

கொடிய நஞ்சுள்ள பெட்டிச் சொறிமீன்கள் வெப்பமண்டலக் கடல்களில் உண்டு, இந்தியக் கடலிலும் பதிவாகியிருக்கின்றன. அந்த வகைக்குச் சமையலறை வினிகர் மிக முக்கியம். அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றினால் வெடிக்காத செல்கள் செயலிழக்கும். ஏற்கெனவே உள்ளே போன நஞ்சை அது ஒன்றும் செய்யாது. பிறகு இடுக்கியால் இழைகளை எடுக்கலாம். ஆனால் நீலக் காற்றுப்பையோடு மேற்பரப்பில் மிதந்து வரும் ஃபைசாலியாவுக்கு வினிகர் வேண்டாம் என்கிறது ஆஸ்திரேலிய முதலுதவி நெறிமுறை. அதற்குக் கடல் தண்ணீரால் அலசி, இழையை நீக்கி, 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம். எது கொட்டியது என்று தெரியாதபோது என்ன செய்வது? நம்முடையதுபோன்ற வெதுவெதுப்பான கடலில், நீலப் பை கண்ணில் படாதவரை, வினிகரோடு தொடங்குவதையே நான் ஏற்கிறேன். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாந்தி வந்தாலோ படகு அப்போதே கரைக்குத் திரும்ப வேண்டும்.

இனி கடல்பாம்பு. இதைப் பற்றிக் கரையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த அளவு, வெளியூரிலிருந்து வருகிற முக்குளிப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மீனவர்கள் இதை வலைகடியன் என்பார்கள். வலை இழுக்கும்போது கடிப்பதால் வந்த பெயர். அந்தத் தமிழ்ச் சொல் விலங்கியலுக்குள்ளேயே போயிருக்கிறது. அலகுபோன்ற மூக்குள்ள ஒரு கடல்பாம்பை 19ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்கள் 'வலகாடின்' என்ற இனப்பெயரால் குறித்தார்கள். பழைய நூல்களில் 'என்ஹைட்ரினா வலகாடின்' என்றே இருக்கும். கடலில் கடல்பாம்புக் கடி அதிகம் வாங்குவது இன்றைக்கும் வலைக்காரர்கள்தான். முக்குளிப்பவரிடம் அது ஆர்வத்தோடு நெருங்கி வரலாம், கண்ணாடியை முகர்ந்து பார்ப்பதுபோலச் சுற்றலாம். உதைக்காமல், பிடிக்காமல் இருந்தால் மூச்சு வாங்க மேலே போய்விடும். அடையாளம் வால்: துடுப்புப் பலகைபோலத் தட்டையாக இருக்கும். விலாங்குக்கு அப்படி இருக்காது, செதிலும் கண்ணுக்குத் தெரியாது.

இதன் கடியில் ஏமாற்றுவது வலியின்மை. ஊசி குத்தியதுபோல இரண்டு சின்னப் புள்ளி, வீக்கம் இல்லை, எரிச்சல் இல்லை. பல கடிகளில் நஞ்சே இறங்குவதில்லை என்பதும் உண்மை. இறங்கியிருந்தால் அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் சதை வலிக்கும், தாடை இறுகும், கண்ணிமை தொங்கும், நாக்குக் குழறும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் சதை கரைந்து சிறுநீரகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தாரே என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் இங்கே உயிரைக் கொல்லும் தவறு.

கடல்பாம்புக்குத்தான் கட்டு. அகலமான கிரேப் பேண்டேஜை விரல் நுனிக்குச் சற்று முன்பிருந்து தொடங்கி, கை அல்லது கால் முழுக்க, கால் சுளுக்குக்குச் சுற்றுகிற இறுக்கத்தில் சுற்ற வேண்டும். விரல் நீலமாகக் கூடாது, நாடி தெரிய வேண்டும். ஒரு கட்டை வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். விரியன் கடித்த இடத்தில் சதை அழுகுவதால் நம் ஊர் நிலப்பாம்புக் கடிக்கு இப்படிக் கட்டச் சொல்வதில்லை. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் கடல்பாம்புக்கும் கட்டாமல் விட்டுவிடக்கூடும். கூம்புச் சங்கு கொட்டினாலும், நீல வளைய ஆக்டோபஸ் கடித்தாலும் இதே கட்டுதான். அவற்றுக்கு முறிமருந்து இல்லை, மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம்தான் உயிர்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருக்கிறது: 'கடல்' பாம்பு. இந்தியாவில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகத் தயாரிக்கப்படுகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கின் நஞ்சைத்தான் எடுத்துத் தருகிறது. கடல்பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. கடல்பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. இங்கே உயிரைக் காப்பது வென்டிலேட்டரும் டயாலிசிஸும்தான். அதனால் அவை இரண்டும் உள்ள, புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைக்கு நேராகப் போவதே சரி. இத்தனை நூற்றாண்டாக வலைகடியனோடு தொழில் செய்கிற ஒரு கரைக்கு, அதற்கான மருந்து பக்கத்தில் எங்கும் இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாததாகவே இருக்கிறது.

பல்லால் வரும் காயங்கள் குறைவு. அஞ்சாளை என்ற விலாங்கு வகை மீன், தன் பொந்துக்குள் கைவிட்டவரைத்தான் கடிக்கும். அதன் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று முன்னால் வந்து இரையைக் கவ்வி இழுக்கிறது என்பது 2007இல் ஆய்வாளர்கள் காட்டியது. பல்லும் பின்னோக்கியது. கையை வெடுக்கென்று இழுத்தால் சதையோடு வரும். வலியைப் பொறுத்துக்கொண்டு அது விடும்வரை நிற்பதே மேல். இங்கே கற்றுக்கொண்டு அந்தமான் போகிறவர்கள் கிளாத்தி மீனைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முட்டை காக்கும் பெரிய கிளாத்தி தன் குழியிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்புபோன்ற இடத்தைத் தன்னுடையதாக நினைக்கும். மேலே தப்பினால் அதன் எல்லைக்குள்ளேயே போகிறீர்கள். பக்கவாட்டில் விலக வேண்டும். கடிக்காயம் எதுவானாலும் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி, சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். தையல் போடுவதா, திறந்து விடுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

படகில் இன்னொரு குழப்பம் வரும். குத்துப்பட்ட கை மரத்துப்போகிறது, தோள் வலிக்கிறது, தலை சுற்றுகிறது. முள்ளின் வேலையா, அவசரமாக ஏறியதால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் உண்டானதா? இரண்டும் ஒரே முகத்தோடு வரும். முள் காலில் இருக்க, மரத்துப்போவது கையென்றால் சந்தேகம் வேண்டாம், அது முள்ளல்ல. படகில் ஆக்சிஜன் இருந்தால் உடனே கொடுத்து, படுக்கவைத்து, எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், எப்படி ஏறினார் என்பதை டைவ் கம்ப்யூட்டரோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, ஆம்புலன்ஸ் 108. இந்தக் குமிழுக்குச் சிகிச்சை தரும் அழுத்தக் கலம் உள்ள மருத்துவமனை எது என்பதைப் படகு கிளம்புவதற்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவரைக் கோழை என்று நினைக்கும் குழுவோடு இறங்க வேண்டாம்.

கரைக்கு வந்த பிறகும் கடல் காயத்துக்குள் இருக்கிறது. பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு கீறிய சின்னக் கோடுகூடச் சீழ் பிடிக்கும். வெதுவெதுப்பான உப்பங்கழி நீரிலும் முகத்துவாரத்திலும் வாழும் விப்ரியோ என்ற கிருமி, ஈரல் கெட்டவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் ஓரிரு நாளில் கால் முழுக்க வீங்கிக் கொப்புளம் போட வைக்கும். காய்ச்சலும் வேகமாகப் பரவும் சிவப்பும் தெரிந்தால் மறுநாள் காலை என்று தள்ளாமல் அன்றிரவே போக வேண்டும். டெட்டனஸ் ஊசியை யாரும் மறக்கக் கூடாது.

மெதுவாக வருகிற கிருமியும் ஒன்று உண்டு. விரலில் ஏதோ கிழித்து ஆறிப்போயிருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து அதே இடத்தில் வலிக்காத ஒரு முடிச்சு எழும்பும், பிறகு கை வழியே இன்னொன்று. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் மரைனம் அது. சாதாரண மருந்துக்கு அசையாது. பரிசோதனைக்கு அனுப்பினாலும் வழக்கமான 37 டிகிரியில் அது சரியாக வளராது. ஏறக்குறைய 30 டிகிரியில் வைத்தால்தான் வளரும். அந்த ஆய்வகத்துக்காரர் சூட்டைக் குறைத்து வைப்பது, ஒரு மாதத்துக்கு முன்னால் கடலில் கையைக் கிழித்துக்கொண்டேன் என்று நீங்கள் மருத்துவரிடம் சொன்னால்தான் நடக்கும்.